மூன்றடித் துக்கம்

மாரண்டஹள்ளி முகம்மது கவுஸ் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகப்படி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று ஆவணிக்குப் பிறகு பார்த்ததில்லை என்று சொன்னால் அதில் பொய்யே கிடையாது. ஆயில் இன்ஜின் மெக்கானிக். சுற்றுவட்டத்தில் எந்தக் கிணற்று மேட்டில் எந்த இன்ஜின் மக்கர் பண்ணினாலும் கவுஸ் பாயைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஆவணியில் அவர் மனைவி ஷரீபுன்னிசா இறந்தாள். அதன் பிறகு, கூப்பிடுவதற்கு முன்பே போய் நிற்க ஆரம்பித்தார்.

“இன்ஜின் எப்படி ஓடுது?”

“நல்லாத்தான் ஓடுதுங்க பாய்.”

“இரு, எதுக்கும் ஒருவாட்டி பாத்துடறேன்.”

பார்ப்பது என்றால் கழற்றிப் போடுவது. தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ராமக்காள் ஒரு நாள், ஓடுகிற இன்ஜினுக்கும் அவருக்கும் நடுவில் மண்வெட்டியோடு வந்து நின்றுகொண்டாள். “எங்க இன்ஜினுக்கு ஒரு கேடும் இல்லீங்க பாய். உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. வூட்டுக்குப் போயி செத்த நேரம் படுங்க” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் படுப்பதற்கு அவர் அந்த வீட்டுக்குள் போனால்தானே! டீக்கடையில் நின்றபடி பாதி டீ குடிப்பார், மீதியை வைத்துவிட்டுக் கிளம்புவார். முடிவெட்டும் கடையில் நின்றபடியே முகத்தைக் காட்டி, ஒரு கன்னம் மழித்ததும் வெளியே போய், பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவார். எந்த பஸ், அதில் யார் வருகிறார்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இதற்கெல்லாம் ஆரம்பம், அவள் இறந்த நாலாம் நாள்.

ஷரீபுன்னிசாவுக்கு வயிற்று வலி. இரண்டு நாள் துடித்தாள். உள்ளூர் டாக்டர் முனிராஜ் பார்த்துவிட்டு, “இங்க வெச்சுக்கக் கூடாது, உடனே சேலத்துக்குக் கொண்டு போங்க” என்றார். காய்கறி ஏற்றுகிற வேன் ஒன்று கிடைத்தது. அதில் படுக்கையைப் போட்டு, இவர் ஒருவராகவே அழைத்துக்கொண்டு கிளம்பினார். தொப்பூர் கணவாயில் உயிர் போய்விட்டது. அன்று மாலையே அடக்கம். அடக்கம் முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்து, நாலு நல்ல வார்த்தை சொன்னார். புருஷனை இழந்தவளுக்குத்தான் நீண்ட கெடு, மற்றவர்கள் மூன்று நாளைக்கு மேல் துக்கம் அனுஷ்டிக்கக் கூடாது, மார்க்கம் அதை அனுமதிக்கவில்லை என்றார். அதற்கு மேலும் சொன்னார். கண்ணீருக்குத் தடை கிடையாது, நெஞ்சு வலிப்பது குற்றம் இல்லை, அதற்குக் கெடு வைக்க மனிதனால் ஆகாது என்றார். ஆனால் கவுஸ் பாய் முதல் பாதியைக் கேட்டதுமே, வாசலில் யாரோ வந்த மாதிரி இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். மீதியை மற்றவர்கள்தான் கேட்டார்கள்.

மூன்று நாள் என்றால் மூன்று நாள். கலெக்டர் ஆபீஸ் உத்தரவு மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார். நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு வீட்டை ஒட்டிய கடையைத் திறந்து, சுத்தியலால் ஒரு இரும்பு வளையத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரே மகள் ஹாஜிரா. பாலக்கோட்டில் வெல்ல வியாபாரம் செய்யும் நூர் பாஷாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. சாவுக்கு வந்தவள் அங்கேயே இருந்தாள். சத்தம் கேட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, கடைக்கு எதிரே நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“என்னம்மா?” என்றார், தட்டுவதை நிறுத்தாமல்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். மத்தியான பஸ்ஸில் பாலக்கோட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கோபம் என்று இவருக்குப் புரிந்தது. போய்ச் சமாதானம் செய்ய வேண்டும் என்றும் தெரிந்தது. சமாதானம் செய்வதென்றால் எதிரே உட்கார வேண்டும். அதுதான் முடியவில்லை.

இந்த நிலையில்தான் அவருக்குக் கோல்ஃப் வந்து சேர்ந்தது. சிரிக்காதீர்கள், நம் ஊரில் கோல்ஃப் இருந்தது. மேஜர் வெங்கடாசலம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது, அவர் பங்குக்கு விழுந்தது இருபது ஏக்கர் கல்லாங்காடு. அண்ணன் தம்பிகள் நல்ல நிலத்தை எடுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு அதை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். கேழ்வரகுகூட முளைக்காத அந்தக் காட்டில் மேஜர் ஐந்து இடத்தில் குழி வெட்டினார். கிணறு வெட்டுகிறார் என்று ஊர் நினைத்தது. ஒவ்வொரு குழியும் ஒரு சொம்பு இறங்கும் அளவுதான் என்று தெரிந்ததும், பட்டாளத்தில் தலையில் அடிபட்டிருக்கும் என்று முடிவு செய்தது. வளைந்த மட்டையால் சின்ன வெள்ளைப் பந்தை அடித்து, அரை பர்லாங்கு நடந்து போய், மறுபடி அடித்து, கடைசியில் அந்தக் குழிக்குள் தள்ள வேண்டும். குறைந்த அடியில் தள்ளுகிறவன் ஜெயித்தவன். குழிப்பந்து என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது.

பெரிய ஊர்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் பசேல் என்று புல் வளர்ப்பார்களாம். நமக்குக் குடிக்கவே தண்ணீர் இல்லை. அதனால் குழியைச் சுற்றி மணல். மணல் காற்றில் பறக்காமல் இருக்க, இன்ஜினில் இருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றிக் கலந்து, உருளை விட்டு அழுத்தி, பலகையால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். மேஜர் அதை ‘பிரவுன்’ என்பார். ஊர் அதை எண்ணெய்க்களம் என்றது. பழைய ஆயிலுக்குக் கவுஸ் பாயை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ஐப்பசியில் ஒரு நாள் சைக்கிளில் இரண்டு டின் ஆயிலைக் கட்டிக்கொண்டு போனார். ஊற்றியாயிற்று, கலந்தாயிற்று. மேஜர், “வாங்க பாய், ஒரு கை பாருங்க” என்று மட்டையை நீட்டினார். முதல் மூன்று வீச்சில் மண் பறந்தது. நாலாவதில் ஒரு கல் பறந்தது. ஐந்தாவதில், எப்படி என்று தெரியவில்லை, ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து பந்து எழும்பிப் போயிற்று. முக்கி முனகிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று பிடித்துக்கொண்டால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது அவருக்கு. பந்து மேலே இருந்த அந்தச் சில நொடிகள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. இரண்டு மாதத்தில் முதல் தடவை. அடித்த பிறகு நடக்க வேண்டும் என்பது இன்னும் வசதியாகப் போயிற்று. உட்காரச் சொல்லாத விளையாட்டு!

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஒரு நடை, ஞாயிற்றுக்கிழமை முழுநாள் என்று ஆயிற்று. ஆடுபவர்கள் மேஜர், டாக்டர் முனிராஜ், இன்னும் நாலைந்து பேர். கவுஸ் பாய்க்குக் கை சுத்தம், கண் சுத்தம். கோபம்தான் கேடு. பந்து கோணலாகப் போனால் மட்டையைச் சுழற்றி எறிவார். ஒருமுறை டாக்டர் குனிந்திருக்காவிட்டால் டாக்டருக்கே டாக்டர் தேவைப்பட்டிருக்கும். கருவேல மரத்தில் சிக்கிய மட்டையைக் கல்லால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

“டாக்டர், மையத்து விழுந்த வூட்டுக்கே மூணு நாளுதான் துக்கம். ஒரு பந்துக்கு மூணடி போதாதா?”

“என்ன பாய் சொல்றீங்க?”

“ஷாட்டு கெட்டுப் போச்சா, மூணடி நடக்கிற வரைக்கும் திட்டிக்கலாம், அழுதுக்கலாம், மண்டையில அடிச்சுக்கலாம். நாலாவது அடி வெச்சா அந்த ஷாட்ட அடக்கம் பண்ணியாச்சு. அப்புறம் அதப் பத்திப் பேச்சே இருக்கக் கூடாது. கடையத் தொறந்துடணும்.”

டாக்டர் சிரித்தார். மேஜர் அதை எடுத்துக்கொண்டார். ஒரு கெட்ட ஷாட்டுக்கு ஒரு பொழுது முழுக்க இந்தியில் திட்டுகிற மனிதர் மேஜர். அவரே மூன்றடியோடு வாயை மூடிக்கொள்ளப் பழகினார். ஆட்டம் எல்லோருக்கும் திருந்தியது. ‘பாய் சட்டம்’ என்று அதற்குப் பெயரும் ஆயிற்று. கவுஸ் பாய் யாரும் கிட்டே வர முடியாத அளவுக்கு ஆட ஆரம்பித்தார். எவ்வளவு மோசமாக அடித்தாலும் மூன்றடி விறுவிறுவென்று வைப்பார், நாலாவது அடியில் முகம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பார்க்கிறவர்களுக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கென்னவோ அந்த முகம் கொஞ்சம் பயமாகத்தான் இருந்திருக்கும் என்று படுகிறது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பஸ்ஸில், டீக்கடையில், பள்ளிவாசல் வாசலில் எங்கு பார்த்தாலும் இதே பேச்சு. “இத எனக்குக் கத்துக் குடுத்தது எங்க வூட்டம்மா. அவ மவுத்துல நான் கத்துக்கிட்ட பாடம் இது” என்று பெருமையாகச் சொன்னார். அவர் அதை மனைவிக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தார். கேட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. பொண்டாட்டி செத்த ஈரம் காயவில்லை, ஆபீசர்களோடு சேர்ந்து பந்தாடுகிறான், அதற்கு அவள் சாவையே சாட்சிக்கு இழுக்கிறான் என்று பேசினார்கள். பேச்சு வெல்ல மூட்டையோடு மூட்டையாகப் பாலக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மாசியில் ஹாஜிராவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். தாய் இல்லாவிட்டாலும் வீடு இருக்கிறதே என்று கவுஸ் பாய் வீட்டை ஒரு வழி செய்தார். இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தார். கிணற்று ராட்டினத்தை மாற்றினார். தொட்டில் கொக்கி தாங்குமா என்று தானே அதில் தொங்கிப் பார்த்தார். நர்ஸ் ஜானகியம்மாளிடம் மூன்று தடவை போய், “மகளு வர்றா, நீங்க ஊருக்கு எங்கயும் போயிடாதீங்க” என்று சொன்னார். மூன்றாவது தடவை அந்தம்மாள், “மொதல்ல மக வரட்டுங்க பாய்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை பழக்கூடையோடு பாலக்கோட்டுக்குப் போனார். நூர் பாஷா கடையில் இருந்தான். வீட்டில் ஹாஜிரா மட்டும். நாற்காலியைக் காட்டினாள். இவர் உட்காரவில்லை.

“வெள்ளிக்கிழமை வண்டி கொண்டாரேன். துணிமணி எடுத்து வெச்சுக்கோ.”

“நான் வரலப்பா.”

“வரலைன்னா? தலச்சன் பிரசவம்மா. எல்லாம் தயார் பண்ணி வெச்சிருக்கேன்.”

“அம்மா செத்ததுல இருந்து பந்தாடப் பாடம் கத்துக்கிட்டீங்களாமே” என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “மூணடியாமே?”

“அது சும்மா வெளையாட்டுக்குச் சொல்றதும்மா...”

“அந்த வூட்டுல நான் வந்து படுத்து, எனக்கு ஒண்ணு ஆயிப் போச்சுன்னா? நாலாம் நாளு கடையத் தொறந்துடுவீங்க. என்னைய வெச்சு எந்த வெளையாட்டுக்குப் பாடம் கத்துக்குவீங்க?”

கவுஸ் பாய் கூடையைக் கீழே வைத்தார். கதவு வரை போனார், திரும்பி வந்து கூடையை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தார், மறுபடி கதவு வரை போனார். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லாமல் எட்டு மைலையும் நடந்தே வந்து சேர்ந்தார். வழியெல்லாம் மகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பதிலும் மூன்றடிக்கு மேல் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு மேஜரின் வருடாந்திரப் போட்டி. பரிசு, அவர் அம்மா காலத்துப் பித்தளைச் சொம்பு. ஐந்து குழியையும் இரண்டு சுற்று ஆட வேண்டும். கவுஸ் பாய் போகக் கூடாது என்றுதான் நினைத்தார். காலையில் எழுந்து அந்த வெள்ளையடித்த வீட்டைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு அவர் ஆடியதைப் பற்றி மேஜர் பல வருடம் பேசிக்கொண்டிருந்தார். பேய் பிடித்த ஆட்டம். மற்றவர்கள் பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்குள் இவர் அடுத்ததை அடித்துவிட்டு நடந்துகொண்டிருப்பார். கடைசிக் குழிக்கு வரும்போது எல்லோரும் பின்தங்கிவிட்டார்கள். டாக்டர் முனிராஜ் மட்டும் இரண்டே ஷாட் வித்தியாசத்தில் பின்னால் இருந்தார். கடைசிக் குழிக்குப் போக ஒரு வறண்ட ஓடையைத் தாண்டி அடிக்க வேண்டும். டாக்டர் அடித்தார், தாண்டியது. கவுஸ் பாய் அடித்தார். ஓடைக்குள் கற்களுக்கு நடுவில் போய் விழுந்தது.

“யா அல்லாஹ்!” என்றார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடி வைத்தார். முகம் துடைத்தாயிற்று. விறுவிறுவென்று ஓடையைப் பார்த்து நடந்தார்.

பின்னால் வந்த டாக்டரின் கான்வாஸ் ஷூவைத் துளைத்துக்கொண்டு கருவேல முள் ஏறிவிட்டது. ஒற்றைக் காலில் நின்றபடி கூப்பிட்டார். “பாய், ஒரு நிமிசம் நில்லுங்க. முடியல.”

“இன்னும் கொஞ்சம் தூரந்தான்” என்றார் கவுஸ் பாய், திரும்பாமல். “போயிடலாம், வா.”

சொல்லி முடித்ததும் அவர் கால் நின்றுவிட்டது. டாக்டரை அவர் ஒருநாளும் ‘வா’ என்று சொன்னதில்லை. அந்த வார்த்தை டாக்டருக்குச் சொன்னதே அல்ல.

டாக்டர் முள்ளைப் பிடுங்கிவிட்டு நொண்டிக்கொண்டே பக்கத்தில் வந்து பார்த்தபோது, கவுஸ் பாய் ஓடைக்கரையில் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தார். மட்டை கீழே கிடந்தது.

“என்ன பாய், நெஞ்சு வலியா?”

“அவ கேட்டா டாக்டர்.”

“யாரு?”

“தொப்பூர் கணவாய்ல. நான் முன்னாடி டிரைவர்கிட்ட ஒக்காந்திருந்தேன். அவ பின்னால படுக்கையில. ‘என்னாங்க, வண்டிய ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லுங்க, முடியல’ன்னா. ‘இன்னும் கொஞ்சம் தூரந்தான், போயிடலாம்’னேன். டிரைவரப் பாத்து ‘ஓட்டு, ஓட்டு’ன்னேன். மறுபடியும் ஒருவாட்டி கேட்டா. நான் திரும்பல. ரோட்டையே பாத்துட்டு இருந்தேன். அப்புறம் அவ கேக்கல. வலி கொறஞ்சு தூங்கறான்னு நெனச்சுக்கிட்டேன். ஓமலூர் தாண்டினதும் ‘சேலம் வந்தாச்சு’ன்னு திரும்பிப் பாக்கறேன்...”

தொப்பூர் கணவாயில் உயிர் போனது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். எந்த இடத்தில் போயிற்று என்று அவருக்குத் தெரியாது. அதைத்தான் அவர் ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல், வீட்டுக்கும் கடைக்கும் கிணற்று மேட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். “நிறுத்தியிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாங்க பாய். நான்தான் உங்கள அவசரப்படுத்தினேன். அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல.”

“பொழைச்சிருக்க மாட்டா, தெரியும். ஆனா நிறுத்தியிருந்தா நான் இறங்கிப் பின்னால போயிருப்பேன். அவ கையப் புடிச்சிருப்பேன். அவ தனியா போனா டாக்டர். நான் நாலு அடி தள்ளி இருந்தும் தனியா போனா.”

அழுதார். ஐம்பது வயது ஆள், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், வெட்டவெளியில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதார். பின்னால் வந்த மேஜர் விஷயம் தெரியாமல், “பாய், உங்க ஷாட்டுதான் பாக்கி” என்று கூவினார். டாக்டர் கையைக் காட்டியதும் அவரும் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் கவுஸ் பாய் எழுந்து, சட்டை நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பந்தைத் தேடவில்லை. சொம்பு டாக்டருக்குப் போயிற்று.

மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தத்தில் பாலக்கோட்டு பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அன்றைக்கு நடந்தே போகலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நூர் பாஷா சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தான். ஹாஜிரா கதவைத் திறந்தாள். புழுதிக் காலோடு, பழைய ஆயில் கறையோடு நிற்கிற அப்பனைப் பார்த்தாள். நாற்காலியைக் காட்டவில்லை. இவர் தானாகவே போய் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் வேனில் நடந்ததைச் சொன்னார். டாக்டரிடம் சொன்னது போல அழுதுகொண்டு அல்ல. முன் சீட்டில் இருந்ததை, திரும்பாததை, இரண்டாம் தடவை அவள் கேட்டதை ஒவ்வொன்றாகச் சொன்னார். இதைக் கேட்ட பிறகு மகள் இந்த ஜென்மத்தில் தன் வீட்டுக்கு வரமாட்டாள் என்று தெரிந்தேதான் சொன்னார். “உங்கம்மா சாவுல கத்துக்கிட்டேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்ல? நான் ஒண்ணும் கத்துக்கல. அவ நில்லுன்னா. நான் நிக்கல. அப்பவும் நிக்கல, அப்புறமும் நிக்கல. அதான் நெசம்.”

ஹாஜிரா சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. பிறகு உள்ளே போனாள். அழப் போகிறாளோ, கதவைத் தாழ் போடப் போகிறாளோ என்று இவர் நினைத்தார். எழுந்து போய்விடலாமா என்று கால் துடித்தது. உட்கார்ந்தே இருந்தார். அவள் பெட்டியிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து வந்து, அவர் கையில் வைத்தாள்.

ஷரீபுன்னிசாவின் கோணல் எழுத்து. சாவதற்கு ஒன்பது நாள் முன்பு போட்டது. ‘அடிக்கடி வயிறு வலிக்குது. உங்கப்பாவுக்குத் தெரியாது, இப்ப அவருக்கு வேலை சீசன், சொல்லாதே. ஒருநாள் வந்து என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.’

“நாத்தனார் கல்யாணம் இருந்துச்சு” என்றாள் ஹாஜிரா. “வர்ற வெள்ளிக்கெழம வர்றேன்னு பதில் போட்டேன். அந்த வெள்ளிக்கெழமயும் வரல. உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா அப்பவே கொண்டு போயிருப்பீங்க. அம்மா இருந்திருப்பாங்க.” மூச்சு வாங்கியது. “நாலாம் நாளு இதச் சொல்லத்தான் எழுந்து வந்தேன். மூணு நாளா உங்க முகத்தப் பாத்துட்டு சொல்ல முடியல. அன்னிக்குச் சொல்லிடலாம்னு வந்தேன். நீங்க இரும்பத் தட்டிட்டு இருந்தீங்க. யாருகிட்டப்பா சொல்றது?”

கவுஸ் பாய்க்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன்? ஒன்பது நாள்! பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். இருபது வயதுப் பெண், ஆறு மாதமாக இந்தக் கார்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, வயிற்றில் ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ‘விடும்மா, நடந்தது நடந்து போச்சு’ என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்த வார்த்தையைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும், எழுந்துகொள்ளலாம், பஸ் பிடிக்கலாம். அதை விழுங்கினார்.

“வா, இங்க வந்து ஒக்காரு” என்றார்.

அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். இவர் அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு தானும் அழுதார். ஒருவரை ஒருவர் மன்னிக்கிற பேச்சு எதுவும் நடக்கவில்லை. ஷரீபுன்னிசாவுக்காக அப்பனும் மகளும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

கடையிலிருந்து திரும்பிய நூர் பாஷா வாசலிலேயே நின்றான். “என்ன மாமா? என்ன ஆச்சு? மாரண்டஹள்ளிக்கு வண்டி ஏதும் சொல்லட்டுங்களா?”

ஹாஜிரா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “இன்னிக்கி வேணாம். எனக்குத் துணியெல்லாம் எடுத்து வெக்கணும். நாளைக்கோ நாளன்னிக்கோ அப்பாவோட போறேன்” என்றாள். பிறகு, கை ஊன்றி எழுந்திருக்கப் போன அப்பனின் தோளை அழுத்தினாள். “எங்க எந்திரிக்கிறீங்க? இருங்கப்பா.”

கவுஸ் பாய் இருந்தார்.